விரிவுரைக்குப் பஞ்சமில்லை, திருத்துபவர்தான் வேண்டும்

2012 மார்ச் மாதம் அமெரிக்காவின் எம்ஐடி, ‘மின்சுற்றுகளும் மின்னணுவியலும்’ என்ற தன் பாடத்தை உலகில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவுசெய்தார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்துத் தேறியவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம். முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 340 பேர். அவர்களில் ஒருவர் மங்கோலியாவின் உலான்பாத்தர் நகரத்துப் பள்ளி மாணவர் பத்துஷிக் மியங்கன்பயார். அப்போது அவருக்கு வயது 15. பிறகு எம்ஐடியிலேயே அவருக்கு இடம் கிடைத்தது.

இணையவழிப் படிப்பின் பெருமையைச் சொல்ல வருபவர்கள் இந்தக் கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிடுவார்கள். பத்துஷிக் படித்த பள்ளியின் முதல்வர் எம்ஐடியில் படித்துத் திரும்பியவர். அந்தப் பாடத்தைத் தன் மாணவர்கள் சிலர் சேர்ந்து படிக்க அவரே ஏற்பாடு செய்தார். அமெரிக்காவிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவர் சோதனைக் கருவிகளோடு உலான்பாத்தர் வந்து, பிள்ளைகளின் பக்கத்தில் நின்று சுற்றுகளைக் கட்ட வைத்தார். வீடியோ எம்ஐடியிலிருந்து வந்தது. தவறு செய்தபோது ‘இங்கே பார்’ என்று சொன்னவர் அந்த அறையிலேயே இருந்தார்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர், இந்த இரண்டாவது பாதியைத்தான் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பத்து வயதுவரை பெரிய சிக்கல் இல்லை. தோட்டம், நூலகம், பயணம், சமையல், கணக்கு என்று அம்மாவும் அப்பாவும் சமாளித்துவிடுவார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளையின் கேள்விகள் பெற்றோரின் படிப்பைத் தாண்டிவிடுகின்றன. அப்போது கண்ணில் படுவது பல்கலைக்கழகங்களின் இலவசப் பாடங்கள்: எம்ஐடி, ஹார்வர்டு, யேல், நம் ஐஐடிகள். எதை எடுப்பது என்று திகைக்கும் அளவுக்குக் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்தோ, பேராசிரியர் சுவையாகப் பேசுகிறாரா என்று பார்த்தோ தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. இந்தப் பாடம் பிள்ளையை என்ன செய்ய வைக்கிறது? செய்ததை யார் பார்த்துத் திருத்துவார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

எங்கே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். எம்ஐடி தன் பாடப் பொருள்களையெல்லாம் பொதுவில் வைக்கப்போவதாக அறிவித்தது 2001இல். ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற அந்தத் திட்டத்தில் இன்று 2,500க்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன. பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை, சான்றிதழும் கிடையாது. இந்தியாவில் ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006இல் ஓப்பன்லேர்னைத் தொடங்கியது. யேல் பல்கலைக்கழகம் 2007இல் வகுப்பறை விரிவுரைகளை அப்படியே படம்பிடித்து வெளியிட்டது. கோர்செராவும் எடெக்ஸும் 2012இல் பிறந்தன. இந்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் வந்தது.

இவற்றில் ‘இலவசம்’ என்பது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஓப்பன்கோர்ஸ்வேர், யேல், ஓப்பன்லேர்ன், என்பிடெல் வீடியோக்கள் ஆகியவை முழுக்க இலவசம், என்றும் திறந்திருப்பவை. கோர்செராவும் எடெக்ஸும் தொடக்கத்தில் எல்லாவற்றையும் சும்மா கொடுத்தன, பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தன. எடெக்ஸில் பணம் கட்டாதவருக்கு மதிப்பெண் தரும் பயிற்சிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன, பாடமும் சில வாரங்களுக்குமேல் திறக்காது. கோர்செராவின் பல பாடங்களில் முதல் பகுதியை மட்டும்தான் இலவசமாகப் பார்க்க முடிகிறது. வீடியோவை விட்டுவைத்துப் பயிற்சியைப் பூட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எது விலையுள்ளது என்பது விற்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இத்தகைய பாடங்களில் சேர்பவர்கள் முடிப்பதில்லை என்ற குற்றச்சாட்டு பழையது, உண்மையும்கூட. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து வெளியிட்ட முதல் ஆண்டுக் கணக்கின்படி, பதிவு செய்தவர்களில் சான்றிதழ் பெற்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். இதை வைத்து இணையப் பாடமே வீண் என்று முடிவு கட்டத் தேவையில்லை. எட்டிப் பார்க்க வந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஆனாலும் செய்து முடித்த வேலைக்காக யாரும் காத்திருக்கவில்லை என்று தெரிந்தால் பதினைந்து வயதுப் பிள்ளை மட்டுமல்ல, பெரியவர்களும் நழுவத்தான் செய்வார்கள். ஆகவே திருத்துபவர் எங்கிருந்து வருவார் என்ற கேள்வியைப் பாடம் பாடமாகக் கேட்டுப் பார்க்கலாம். விடை ஒவ்வொரு துறைக்கும் வேறாக இருக்கிறது.

கணினி நிரலாக்கத்தில் திருத்துபவர் பிரச்சினை அநேகமாகத் தீர்ந்துவிட்டது, அங்கே இயந்திரமே திருத்துகிறது. ஹார்வர்டின் சிஎஸ்50 பாடத்தை நான் முதலிடத்தில் வைப்பேன். டேவிட் மாலன் நடத்தும் விதம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் நான் சொல்லும் காரணம் அதுவல்ல. ஒவ்வொரு வாரமும் பிள்ளை ஒரு நிரலை எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பிய சில நொடிகளில் எந்தச் சோதனையில் தேறியது, எதில் விழுந்தது என்று பதில் வந்துவிடும். ஸ்க்ராட்சில் தொடங்கி, அடுத்த வாரமே சி மொழிக்குப் போய், பிறகு பைத்தான், எஸ்க்யூஎல் என்று நகரும். நான்காவது வாரம் கணினி நினைவகம் பற்றியது. பலர் திணறுவது அங்கேதான் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. எல்லாப் பயிற்சிகளையும் இறுதித் திட்டத்தையும் முடித்தால் ஹார்வர்டின் சிஎஸ்50 குழுவே சான்றிதழ் தருகிறது, அதற்கும் காசு இல்லை. எடெக்ஸ் வழியாகப் பணம் கட்டி வாங்குவது வேறு சான்றிதழ், அது வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த படியாக, சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் என்பிடெலில் நடத்தும் பைத்தான், தரவமைப்புகள், நெறிமுறைகள் பற்றிய எட்டு வாரப் பாடம் இருக்கிறது. இதிலும் அனுப்பும் நிரலை இயந்திரம் சோதிக்கிறது. சோதனைகளில் சில மறைத்து வைக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் உதாரணங்களுக்கு மட்டும் சரியாக ஓடும் நிரலை எழுதித் தப்பிக்க முடியாது. நிரலாக்கம் அறவே தெரியாதவர்களுக்கு ஐஐடி ரோபாரின் ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்’ பாடம் இதைவிட மென்மையான வாசல்.

கணிதத்துக்கு வந்தால் நிலைமை கொஞ்சம் கடினம். விடை சரியா என்று பார்க்க விடைத்தாள் போதும். நிறுவல் சரியா என்று பார்க்க மனிதர் வேண்டும். பதினைந்து வயதில் கணிதத்தில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு நான் சொல்வது கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணிதம், எம்ஐடி எண் 18.06. அதற்கு முன் பல்மாறி நுண்கணிதம் படித்திருக்க வேண்டும் என்று எம்ஐடி விதித்திருந்தாலும், பாடத்துக்குள் நுண்கணிதம் மிகக் குறைவு. நம் மேல்நிலைக் கணிதப் புத்தகத்தில் அணிகளைப் பார்த்த பிள்ளை தைரியமாக உள்ளே போகலாம். இதில் ‘ஸ்காலர்’ என்று குறிக்கப்பட்ட வடிவத்தைத் தேடி எடுக்க வேண்டும். தனியாகப் படிப்பவர்களுக்காகவே அமைத்தது அது. ஒவ்வொரு பகுதிக்கும் பயிற்சிகள், முழுத் தீர்வுகள், உதவி ஆசிரியர்கள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டும் வீடியோக்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒருமாறி நுண்கணிதத்துக்கும் (18.01) இதே வடிவம் உண்டு.

தீர்வுகள் கையில் இருப்பது உதவியும்தான், கண்ணியும்தான். பிள்ளை கணக்கோடு மல்லுக்கட்டாமல் தீர்வைத் திறந்து பார்த்துவிட்டு ‘புரிந்துவிட்டது’ என்று சொல்லும். தீர்வை அச்செடுத்துப் பெற்றோர் வைத்துக்கொண்டு, பிள்ளை எழுதிய தாளைக் கொடுத்த பிறகுதான் தருவது என்று வைத்துக்கொள்வது நல்லது. பெற்றோருக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை, தாளை வாங்கி வைக்கும் உறுதி இருந்தால் போதும்.

நிறுவல்களுக்கு என்ன செய்வது? ஸ்டான்ஃபோர்டின் கீத் டெவ்லின் ‘கணிதச் சிந்தனைக்கு ஓர் அறிமுகம்’ என்ற பாடத்தில், மாணவர்கள் ஒருவர் எழுதிய நிறுவலை மற்றவர் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். அடுத்தவர் நிறுவலில் ஓட்டை தேடுவது நல்ல பயிற்சி. ஆனால் தன் நிறுவலில் ஓட்டை இருப்பதை இன்னொரு புதியவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்று நம்ப முடியாது. இங்கே ஊரில் ஆள் தேடுவதே வழி. பக்கத்துக் கலைக்கல்லூரியில் எம்எஸ்சி கணிதம் படிக்கும் மாணவரோ, ஓய்வுபெற்ற கணித ஆசிரியரோ வாரம் ஒரு மணி நேரம் அந்தத் தாள்களைப் பார்த்தால் போதும். பாடம் நடத்த வேண்டாம், திருத்தினால் போதும் என்று சொல்லிக் கேட்டால் ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ட்யூஷனுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போனால் அது நல்ல செலவு.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், ஆனால் எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிஎஸ்50 குழு 2023இல் தன் மாணவர்களுக்கென்று ஓர் உரையாடல் கருவியைக் கொண்டுவந்தது. விடையைச் சொல்லாமல், விடையை நோக்கி நகர்த்தும்படி அதை வடிவமைத்தார்கள். பொதுவான கருவிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, கேட்டவுடன் முழு விடையையும் கொட்டிவிடும். தவறான நிறுவலையும் சரி என்று நம்பும்படி எழுதிவிடும். பிள்ளை எழுதி முடித்த தாளில் ‘எந்த வரியில் காரணம் போதவில்லை’ என்று கேட்கப் பழக்கலாம். அதற்குமேல் அதை நம்பி ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

இயற்பியலுக்கு யேலின் ராமமூர்த்தி சங்கர் நடத்திய அடிப்படை இயற்பியல் விரிவுரைகள். அவர் சென்னை ஐஐடியில் மின்பொறியியல் படித்துவிட்டு இயற்பியலுக்குப் போனவர். பயிற்சிக் கணக்குகளும் தீர்வுகளும் யேல் தளத்திலேயே இருக்கின்றன. நுண்கணிதம் ஓரளவு தெரியாமல் இதில் இறங்கினால் மூச்சு முட்டும், அதனால் 18.01க்குப் பிறகு வைத்துக்கொள்வது உசிதம். உண்மையான குறை ஆய்வகம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப் பயிற்சிகள் பல தமிழிலும் கிடைக்கின்றன. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புக்கான சோதனைகளுக்கு அம்ரிதா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் உருவாக்கிய ஓலேப்ஸ் இருக்கிறது. நல்லவைதான். ஆனால் திரையில் அலைவுறும் ஊசல் எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கும். நூலில் கல்லைக் கட்டி நேரம் பார்க்கும்போதுதான் அளவீட்டில் பிழை என்றால் என்ன என்று கை அறியும். சாலிடரிங் கோல், மல்டிமீட்டர், ஒரு பழைய நுண்ணோக்கி, இவற்றுக்குச் செலவிடத் தயங்கக் கூடாது. உயிரியலுக்கும் இதே கதைதான். எரிக் லாண்டரின் எம்ஐடி உயிரியல் பாடம் மிகச் சிறப்பானது, ஆனால் குளத்து நீர்ச் சொட்டு வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இலக்கியம், வரலாறு, தத்துவம் ஆகியவற்றில் இலவசப் பாடங்கள் கேட்பதற்கு மிக இனிமையானவை, திருத்துவதற்கு ஆளில்லாதவை. ஹார்வர்டின் மைக்கேல் சாண்டல் நடத்திய ‘நீதி’ பாடத்தைக் குடும்பமாக உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பதினைந்து பொன்னான வயது. ஆனால் பேசுவது வேறு, இரண்டு பக்கம் எழுதி வாதத்தை நிலைநிறுத்துவது வேறு. அந்த இரண்டு பக்கத்தைப் படித்து, ‘இந்தப் பத்தி எதற்கு?’ என்று கேட்க யாராவது வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அல் ஃபில்ரைஸ் நடத்தும் அமெரிக்கக் கவிதைப் பாடம் 2012 முதல் நடக்கிறது. ஒவ்வொரு கவிதையையும் மாணவர் குழு ஒன்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து அலசுவதைப் படமெடுத்திருக்கிறார்கள். விரிவுரை அல்ல, வாசிப்பு நடக்கும் விதம் காட்டப்படுகிறது. சங்கக் கவிதைக்கு இப்படி ஒன்றை யாராவது செய்ய மாட்டார்களா என்ற ஏக்கம் அதைப் பார்க்கும்போதெல்லாம் வரும். தமிழுக்கு 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பட்டப்படிப்புப் பாடங்கள் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. அதன் மின்நூலகம் பெரும் சொத்து. ஆங்கிலப் பாடங்களுக்கு நடுவே பிள்ளையின் தமிழ் பத்து வயதிலேயே நின்றுவிடாமல் இருக்க, இதை வார அட்டவணையில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்பேன்.

ஆங்கிலம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு அமெரிக்க உச்சரிப்பு முதல் மாதம் சுவராக நிற்கும். எழுத்துவரிகளைப் போட்டுக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, விரிவுரைக்கு முன்பே பாடக்குறிப்பைப் படித்துவிட்டுப் போனால் பெரும்பாலும் சுவர் இடிந்துவிடும். இந்தப் பயிற்சிக்கு ஓப்பன்லேர்னின் தொடக்கநிலைப் பாடங்கள் பொருத்தமானவை. எத்தனை மணி நேரம் ஆகும், எந்த நிலை என்று முகப்பிலேயே போட்டிருக்கும், பெரும்பகுதி எழுத்து வடிவில் இருக்கும். பங்கேற்புச் சான்றும் இலவசம்.

பாடம் பிள்ளைக்கு ஏற்ற கனமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எல்லா முதல் வீடியோவும் எளிதாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரத்துப் பயிற்சித் தாளைத் திறந்து பிள்ளையிடம் கொடுங்கள். அதில் பாதிக்குமேல் கேள்வி என்னவென்றே புரியவில்லை என்றால் ஒரு படி கீழே போக வேண்டும். எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் போட்டுவிட்டால் ஒரு படி மேலே. கேள்வி புரிகிறது, விடை வரவில்லை, விட மனமில்லை என்ற நிலைதான் சரியான இடம்.

நேரத்தையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். எம்ஐடியில் ஒரு பாடத்துக்கு 12 அலகு என்று போட்டிருந்தால், வாரத்துக்கு 12 மணி நேர உழைப்பு என்று பொருள், ஒரு பருவம் முழுக்க. அது பதினெட்டு வயது மாணவருக்கு. பதினைந்து வயதுக்கு அதே பாடத்தை இரண்டு பருவமாக நீட்டலாம், யாரும் விரட்டவில்லை. என்பிடெலில் அப்படி நீட்ட முடியாது. ஜனவரி, ஜூலை என்று தேதி வைத்துத் தொடங்கும், வாரந்தோறும் அசைன்மென்ட்டுக்குக் கெடு உண்டு. தானாக அட்டவணை போட்டுக்கொள்ளத் தெரியாத பிள்ளைக்கு அந்தக் கெடுவே உதவி. இரண்டு வகையிலும் ஒரே நேரத்தில் ஒரு பாடம், மிஞ்சினால் இரண்டு.

இனிச் சான்றிதழ். இங்கே பெற்றோருக்குள் இருக்கும் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து இணையப் பாடச் சான்றிதழ் அல்ல. இந்தியாவில் கல்லூரிக்குள் நுழையப் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் வேண்டும். அதற்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயதில் பத்தாம் வகுப்புக்கும், 15 வயதுக்குப் பிறகு மேல்நிலைக்கும் பதியலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும் என்பதைத் தவறவிடக் கூடாது. இந்த வாசலை ஒரு பக்கம் உறுதி செய்துவிட்டால், இலவசப் பல்கலைக்கழகப் பாடங்களை அறிவுக்காகவே படிக்கலாம்.

2016இல் மும்பையைச் சேர்ந்த ஒரு மாணவிக்கு, பள்ளி வாரியச் சான்றிதழ் எதுவும் இல்லாமலே எம்ஐடி இடம் கொடுத்தது செய்தியானது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பிளஸ் டூ இல்லாததால் ஐஐடி கதவு அவருக்குத் திறக்கவில்லை. இடையில் அவரைச் சேர்த்துக்கொண்டது நம் சென்னை கணிதவியல் கழகம். எம்ஐடியின் கவனத்தைப் பெற்றுத் தந்தவை சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் அவர் வென்ற இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும். அவை கண்காணிப்பில் உட்கார்ந்து, நேரம் வைத்துத் தீர்த்த கணக்குகள். என்பிடெல் சான்றிதழுக்குக் கொஞ்சமேனும் எடை இருப்பதும் இதே காரணத்தால்தான். பாடம் இலவசம் என்றாலும் தேர்வைக் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் முக்கால் பங்கு அந்தத் தேர்வுக்கு. பதினாறு வயதில் ஒரு முறை அந்த மையத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருவது, வீட்டில் படித்த பிள்ளைக்கு நல்ல அனுபவம்.

சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பிஎஸ் படிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். 2020இல் தொடங்கியது. இலவசம் அல்ல, குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ஜேஇஇ இல்லாமல், நான்கு வாரப் பாடத்தைப் படித்து அசைன்மென்ட் முடித்து, தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம். அதன் அடித்தளப் பாடங்களின் வீடியோக்கள் யூடியூபில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. பிளஸ் டூ முடிக்கும் முன்பே அவற்றைப் பார்த்துப் பழகிக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. இலவசப் பாடத்திலிருந்து உண்மையான பட்டப்படிப்புக்குப் போகும் பாலங்களில், நம் ஊரிலேயே இருப்பது இது.

பாதுகாப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 2014 டிசம்பரில் எம்ஐடி, தன் மிகப் பிரபலமான இயற்பியல் விரிவுரைகளைத் தன் தளங்களிலிருந்து நீக்கியது. அவற்றை நடத்திய ஓய்வுபெற்ற பேராசிரியர், இணையப் பாடத்தில் படித்த ஒரு மாணவியிடம் பாலியல் தொல்லை செய்தது விசாரணையில் உறுதியானதே காரணம். பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் ஒரு காவல் அல்ல. இந்த வகுப்பறைகள் பெரியவர்களுக்காகக் கட்டப்பட்டவை, விவாதக் களங்களில் எல்லா வயதினரும் இருக்கிறார்கள். தளங்களில் கணக்கு தொடங்க வயது வரம்பு இருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டுக்குக் கீழ் உள்ளவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கணக்கைச் சேர்ந்து தொடங்குங்கள். பாடத்துக்கு வெளியே தனிச்செய்தி அனுப்புபவர் யாராக இருந்தாலும், பேராசிரியரே ஆனாலும், அம்மாவிடமோ அப்பாவிடமோ உடனே சொல்லலாம், சொன்னதற்காகப் பாடம் நிறுத்தப்படாது என்று பிள்ளைக்கு முன்பே உறுதி கொடுங்கள். நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

ஒரு பாடத்தைப் பாதியில் விடுவதையும் தோல்வியாக எண்ண வேண்டாம். கல்லூரி மாணவர்களுக்கே முதல் சில வாரங்களில் பாடம் மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. வீட்டிலும் மூன்றாவது வார முடிவில் உட்கார்ந்து பேச ஒரு நாள் குறித்துக்கொள்ளலாம். அதுவரை எழுதிய பயிற்சித் தாள்களை மேசைமேல் பரப்பி வையுங்கள். தாள்களில் அடித்தல் திருத்தல் நிறைய இருந்தால் பாடம் தொடரட்டும். வீடியோ எல்லாம் பார்த்து முடித்து, தாள் ஒன்றுமே இல்லை என்றால் வேறு பாடத்துக்கு மாறுங்கள், அல்லது அதே பாடத்துக்கு ஒரு திருத்துபவரைத் தேடிக்கொண்டு அடுத்த ஜூலையில் மறுபடி தொடங்குங்கள்.